பவித்ராவின் ஆறு மாதப் பயிற்சியும் என் கையெழுத்தும்

1

போன ஞாயிற்றுக்கிழமை சாத்தூரிலிருந்து என் சித்தி மகள் ஜெயந்தி போன் செய்தாள். அவள் போன் செய்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே மழை எப்படி, தக்காளி என்ன விலை, மாமாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லையா என்று ஊரைச் சுற்றிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். அவள் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். அவனுக்கு இன்டர்ன்ஷிப் வேண்டுமாம். சும்மா இல்லை, மாதாமாதம் பணம் தருகிற இன்டர்ன்ஷிப்.

“புனேல தடுக்கி விழுந்தா கம்பெனின்னு நீங்கதான சொல்லுவீங்க. மாமாவும் கம்பெனிலதான் இருக்காக. நம்ம பவிக்குக் கெடச்ச மாதிரி இவனுக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லுங்கக்கா” என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். உங்களுக்கென்னக்கா, எல்லாம் அமைஞ்சு போச்சு என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அதே வாரத்தில்தான் நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தைந்து வருடம் முடிந்தது. கல்யாணமான ஒன்பதாம் நாள் இவரோடு ரயிலேறி வந்தேன். அந்த நாளை இவர் மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தினால் ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வருவார், சர்க்கரை வியாதிக்காரர், அவரே முக்கால் கிலோ சாப்பிடுவார். ஆனால் ஜெயந்தி கேட்டது மனதில் உட்கார்ந்துகொண்டது. என் மகள் பவிக்குக் கிடைத்திருப்பது உண்மை. எப்படிக் கிடைத்தது என்பதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

நாங்கள் புனேயில் சிஞ்ச்வடில் ஒரு சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். இவர் விருதுநகரில் ஐ.டி.ஐ. முடித்த கையோடு அப்ரண்டிஸாக இங்கே வந்தவர். ஆகுர்டியில் வண்டி பாகங்கள் செய்கிற கம்பெனியில் இப்போது மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அப்ரண்டிஸ் காலத்திலேயே மாதம் பிறந்தால் கையில் பணம் கொடுத்தார்கள், கேன்டீனில் வயிறாரச் சாப்பாடு போட்டார்கள், பூட்ஸ் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வார். பத்தாவது படித்து ஐ.டி.ஐ. முடித்தவனுக்கே அப்படியென்றால் இன்ஜினியரிங் படித்த பிள்ளைக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்பது அவருடைய கணக்கு.

நான் இங்கே ஒரு ஆங்கிலப் பள்ளியில் அலுவலக கிளார்க். பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள பள்ளி. பதினேழு வருடமாக அட்மிஷன் ரெஜிஸ்டரும் லீவிங் சர்டிபிகேட்டும் என் கையில்தான். பிறந்த தேதியை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், போன வருடமே சேர்ந்ததாக எழுதுங்கள் என்று பெற்றோர்கள் வந்து நிற்பார்கள். சிலர் அழுவார்கள், சிலர் பேடா டப்பாவோடு வருவார்கள். நான் எதற்கும் மசிந்ததில்லை. பியூன்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘கடக் மேடம்’. இங்கே திக்காக, காட்டமாகப் போட்ட டீயைக் கடக் என்பார்கள், கறாரான ஆளையும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கவுன்டரில் மராத்தி பேசுவேன். சண்டையே போடுவேன். படிப்பதுதான் வராது. பஸ் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடும். அரசாங்க மராத்தி என்றால் கேட்கவே வேண்டாம், எங்கள் பள்ளியின் மராத்தி டீச்சரே இரண்டு தடவை படித்துத்தான் அர்த்தம் சொல்வார். அதனால் வீட்டுக்கு வருகிற மின்சார போர்டு நோட்டீஸ், சொசைட்டி சர்க்குலர் எல்லாவற்றையும் பவித்ராதான் படித்துத் தமிழில் சொல்வாள். ஏழு வயதிலிருந்து அது அவள் வேலை.

3

பவித்ரா இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியரிங் படித்தாள். மூன்றாம் வருட விடுமுறையில் ஹிஞ்ஜவாடியில் ஒரு கம்பெனிக்கு இரண்டு மாதம் சம்பளமில்லாமல் போனாள். காலையில் இரண்டு பஸ், சாயங்காலம் இரண்டு பஸ். அங்கே என்ன கற்றுக்கொண்டாய் என்று அவள் அப்பா கேட்டார். ஒரு ஷீட்டில் இருக்கிற நம்பரை இன்னொரு ஷீட்டில் ஏற்றினேன் என்றாள். கடைசி நாளில் வந்த சான்றிதழில் வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது. அதைத் திருத்தி வாங்க மூன்று வாரம் ஆனது. இரண்டு மாதமும் அங்கே அவளை எல்லாரும் இன்டர்ன் என்றுதான் கூப்பிட்டார்களாம். இன்டர்ன், அந்தப் பிரின்ட்டை எடுத்து வா. இன்டர்ன், மீட்டிங் ரூமில் ஏசியைப் போடு.

“ஃப்ரீயா வர்றவளுக்கு நாம் கிடையாதும்மா” என்றாள் ஒரு நாள். நாம் என்றால் இந்தியில் பெயர். “நான் இனிமே ஃப்ரீயா எங்கயும் போக மாட்டேன். கம்மியா குடுக்கட்டும், பர்வா நஹி. ஆனா குடுக்கணும்.”

அவளுடைய பிடிவாதம் அவ்வளவுதான், அதற்குமேல் எதுவும் அவள் கேட்கவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. முதலில் சும்மா போ, பிறகு தன்னால் கொடுப்பார்கள் என்று சொல்வீர்கள். நானும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

படிப்பு முடிந்ததும் வேட்டை ஆரம்பித்தது. எத்தனை இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டு மேஜை முழுக்க லேப்டாப்பும் சார்ஜர் வயரும்தான், நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். வீடியோவில் இன்டர்வியூ நடக்கும்போது நான் குக்கர் வைக்கக் கூடாது, விசில் கேட்குமாம். முக்கால் மணி நேரம் நன்றாகப் பேசுவார்கள். இவள் ஸ்டைபண்ட் என்று வாயைத் திறந்ததும் குரல் மாறிவிடும். நாங்கள் அனுபவம் தருகிறோம், அதற்கு விலை உண்டா என்று ஒருவர் கேட்டார். இன்னொரு இடத்தில் தேர்வாகிவிட்டாய் என்று சொல்லிவிட்டு, பயிற்சிக்கு முன்பணம் கட்டு, முடிந்ததும் திருப்பித் தருவோம் என்றார்கள். இவர் கட்டிவிடலாமா என்று யோசித்தார். வேலை செய்யப் போகிறவள் பணம் வாங்குவாளா, கொடுப்பாளா என்று நான் கத்திய கத்தலில் எதிர் பிளாட் குல்கர்னி மாமி கதவைத் திறந்து பார்த்தார்.

கடைசியில் இவர் தன் கம்பெனிக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். முப்பது வருடம் உழைத்த இடம். ஹெச்.ஆரில் இருந்த பையனுக்கு பவியைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கலாம். தாராளமாக வரட்டும், கேட் பாஸ் போட்டுத் தருகிறேன், கேன்டீனில் சாப்பிடலாம், ஸ்டைபண்ட் மட்டும் இல்லை, இன்ஜினியர்களுக்கான இடங்களை மேலிடத்திலிருந்து நிரப்பிவிட்டார்கள் என்றானாம். இவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தேங்க்யூ சார், தேங்க்யூ சார் என்று நின்றாராம். பவி வந்து சொன்னாள். இவர் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்தார்.

4

இந்த இடத்தில் நாமக்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் மற்றது புரியாது.

பவி பத்தாவது வரைக்கும் என் பள்ளியில்தான் படித்தாள். நல்ல மார்க். அப்போது கட்கி, தேஹு ரோடு, ஆகுர்டி என்று இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் ஒரு காய்ச்சல் பரவியிருந்தது. பிள்ளையை பிளஸ் டூவுக்கு நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் போட்டால் மார்க்கை அள்ளிக்கொண்டு வரும், நம் ஊர்க் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும், தமிழும் படித்த மாதிரி ஆகும். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் நான்கு பெண்கள் சேர்ந்தால் இதுதான் பேச்சு. எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. இவருக்கு அவ்வளவு இஷ்டமில்லை. நான்தான் நின்றேன்.

அவளுடைய லீவிங் சர்டிபிகேட்டை நானே எழுதினேன். என் மேஜையில், என் பேனாவால். பள்ளியை விட்டுப் போகும் காரணம் என்ற கட்டத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று போட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் அதைத்தான் போடுவோம்.

விடுதியில் வாரத்துக்கு ஒரு போன், ஞாயிறு மதியம், பத்து நிமிடம். முதல் இரண்டு மாதம் அழுதாள். என்னைக் கூட்டிட்டுப் போம்மா என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. வார்டன் பக்கத்தில் இருப்பதால் இந்தியில் சொல்வாள், மராத்தியில் சொல்வாள். பழகிவிடும், எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், இரண்டு வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது மாதத்திலிருந்து அவள் அழவில்லை. நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், மார்க் இவ்வளவு என்று மூன்றே வரியில் முடித்துவிட்டுப் போனை அடுத்த பெண்ணிடம் கொடுத்துவிடுவாள். பழகிவிட்டாள் என்று சங்கத்தில் பெருமையாகச் சொன்னேன்.

மார்க் வந்தது. இடம்தான் வரவில்லை. தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்கு அங்கே தொடர்ந்து ஐந்து வருடம் படித்திருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் இருப்பிடச் சான்று வேண்டுமாம். இவள் படித்தது இரண்டு வருடம். மகாராஷ்டிராவில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் இங்கேயே முடித்திருக்க வேண்டுமாம். இவள் இங்கே முடித்தது பத்தாவது மட்டும். இதையெல்லாம் முன்கூட்டியே விசாரிக்க வேண்டியவள் நான். ஊர்ப் பிள்ளைகளின் காகிதத்தையெல்லாம் சரிபார்க்கிற கடக் மேடம், தன் பிள்ளையின் காகிதத்தில் கோட்டைவிட்டேன். கடைசியில் புனேயிலேயே மேனேஜ்மென்ட் சீட்டில், வங்கிக் கடனில் சேர்த்தோம். திரும்பி வந்த பவி அந்தப் பள்ளியைப் பற்றி நல்லதாகவும் பேசவில்லை, கெட்டதாகவும் பேசவில்லை. தமிழ் நன்றாகவே படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் வீட்டுக்கு வருகிற தமிழ்ப் பத்திரிகையை ஒரு நாளும் தொட்டதில்லை.

5

ஆகஸ்டில் போசரியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. வண்டி பாகங்களின் அழுத்தத்தையும் அதிர்வையும் சோதிக்கிற கருவிகள் செய்யும் சின்னக் கம்பெனி. அவள் படித்த படிப்புக்கு நேரான வேலை. ஆறு மாதப் பயிற்சி, மாதாமாதம் ஸ்டைபண்ட். பணத்தை கம்பெனி கொடுக்காது, ஒரு அரசு உதவித்தொகைத் திட்டத்திலிருந்து நேராக இவள் வங்கிக் கணக்குக்கு வரும். இரண்டு இடம்தான். ஒன்று இவளுக்கு, இன்னொன்று இவளோடு படித்த சாயலிக்கு. சோல்டரிங் செய்யத் தெரியுமா என்று கேட்டு, அங்கேயே ஒரு போர்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லி, நன்றாக இருக்கிறது பவித்ரா என்று இன்டர்வியூ எடுத்தவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். மழையில் நனைந்து வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத்தான் சொன்னாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

திட்டத்தில் பதிவு செய்ய ஒரு காகிதம் வேண்டும். மகாராஷ்டிரவாசி என்பதற்கான டோமிசைல் சான்று. மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் இடம் வரிசையில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும்.

சாயலி மூன்று நாளில் வாங்கிவிட்டாள். பவிக்கு முதல் கேள்வியிலேயே இடித்தது. பிறந்த இடம் சாத்தூர். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன், நம்மில் யார்தான் போகவில்லை? மூன்றாம் மாதம் கைக்குழந்தையோடு புனேக்கு வந்துவிட்டேன். பரவாயில்லை, வெளியே பிறந்திருந்தால் தொடர்ந்து இங்கேயே வசித்ததற்கு ஆதாரம் கொடுங்கள் என்றார் தாசில் அலுவலகத்துக் கவுன்டரில் இருந்தவர். நல்ல மனிதர்தான். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தாவது வரைக்கும் என் கையெழுத்தில் லீவிங் சர்டிபிகேட் இருந்தது. அதற்குப் பிறகு இருந்தது கல்லூரிச் சான்று. விரலை இரண்டுக்கும் நடுவில் வைத்து, இந்த இரண்டு வருடம் பெண் எங்கே இருந்தாள் என்று மராத்தியில் கேட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். அப்படியென்றால் தொடர்ச்சி விட்டுப்போகிறதே, மேலே சாகேபைக் கேட்க வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றார். மறுநாள் போனோம். சாகேப் மீட்டிங்கில் இருந்தார். அதற்கு மறுநாள் போனோம். அன்றைக்குக் கணினி வேலை செய்யவில்லை. நான் அரைநாள் லீவு, அரைநாள் லீவு என்று போட்டுக்கொண்டே இருந்தேன். பவி ஒவ்வொரு நாளும் அங்கிருந்து போசரிக்குப் போன் போட்டு, சார் ஒரே ஒரு நாள், சார் இன்னும் ஒரு நாள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இவர் ஒரு வழி சொன்னார். “ரெஜிஸ்டர் உன் கையிலதான இருக்கு செல்வி. இந்த ரெண்டு வருசமும் புனேலயே இருந்தான்னு உங்க ஸ்கூல் லெட்டர்பேடுல ஒரு போனஃபைட் அடிச்சுக் குடுத்திரு. யாரு வந்து பாக்கப் போறா?”

எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். பதினேழு வருடமாக ஒருத்தருக்கும் செய்யாததை என் பிள்ளைக்குச் செய்வேனா, என் கை அப்படி எழுதாது என்றேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். பவி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

6

மறுநாள் மதியம் பவி பள்ளிக்கே வந்துவிட்டாள். சேது கேந்திரா என்று இங்கே உண்டு, அரசாங்கச் சான்றுகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற இடம். அங்கே இருக்கிற மேடத்திடம் பேசினாளாம். பத்து வருடப் பள்ளிச் சான்று இருந்தாலே போதுமாம், கூடவே பெற்றோரில் ஒருவர் ஒரு சுய உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததாம். அப்பா ஷிப்டில் இருக்கிறார், நீ வா என்றாள். கவுன்டர்காரர் சொன்னதற்கும் இதற்கும் ஒத்துவரவில்லையே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது.

சேது கேந்திராவில் உட்கார இடமில்லை. குடைகளிலிருந்து சொட்டி தரையெல்லாம் ஈரம். வாசல் படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டு பவி அந்தத் தாளை விரித்தாள். முக்கால் பக்கம், பொடி எழுத்து மராத்தி. என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல் என்றேன். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை நான்.

படித்தாள். நான் கீழே கையெழுத்திடும் இன்னார், வயது இன்னது, இந்த முகவரியில் வசிப்பவள் என்று ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து நிதானமாகத் தமிழில் சொன்னாள். என் மகள் இன்ன ஊரில் பிறந்தாள், மூன்றாம் மாதத்திலிருந்து புனேயில் வசிக்கிறாள் என்றாள். இன்ன பள்ளியில் படித்தாள் என்றாள். அடுத்த பாராவுக்கு விரல் போனது. அங்கே மூன்று வரி இருந்தது. அவள் சொன்னது ஒரு வரி, “மேல சொன்னது எல்லாம் சரின்னு இருக்குது.” பிறகு, பொய்யென்று தெரிந்தால் தண்டனைக்கு உரியவள் என்பது வரைக்கும் மறுபடி நிதானமாகப் படித்தாள்.

எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த மூன்று வரியில் அவள் குரல் வேகமெடுத்தது எனக்குக் கேட்டது. விரல் வரியைத் தடவாமல் தாண்டியதும் தெரிந்தது. பதினேழு வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியாமல் போகாது. எதிரே வந்து நிற்கிற தாய் தகப்பனாக இருந்தால் அங்கேயே நிறுத்தி, அந்த இடத்தை இன்னொரு தடவை படியுங்கள் என்றிருப்பேன்.

நான் கேட்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பவி தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசி நாள் சாயங்காலம் நான்கு மணிக்குச் சான்று வந்தது. ஐந்தரைக்குப் பவி அதைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். இவர் தன் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டு, மகளுக்கு ஸ்டைபண்டோடு கிடைத்துவிட்டது என்று சொன்னார். சாத்தூருக்கும் அப்படித்தான் செய்தி போனது.

7

அவள் இப்போது தினமும் போசரிக்குப் போகிறாள். கையில் சோல்டரிங் சூடு பட்ட தழும்பு இரண்டு இருக்கிறது. முதல் மாத ஸ்டைபண்ட் இருபது நாள் தாமதமாக வந்தது, இருந்தாலும் வந்தது. அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். இதெல்லாம் சந்தோஷம்தான். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நானும் பார்க்கிறேன்.

வீட்டில் எல்லாக் காகிதத்துக்கும் நகல் எடுத்து வைப்பது என் பழக்கம். இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை காலையில் பவியின் ஃபைலை அடுக்கும்போது அந்த உறுதிமொழியின் நகல் கைக்கு வந்தது. அடுப்பில் எதுவும் இல்லை, ஓட வேண்டிய பஸ்ஸும் இல்லை. உட்கார்ந்து அந்த மூன்று வரியை எழுத்துக் கூட்டினேன். அரை மணி நேரம் ஆனது. தெரியாத இரண்டு வார்த்தையைப் போனில் தேடிப் பார்த்தேன்.

என் மகள் அன்று முதல் இன்று வரை இடைவிடாமல் மகாராஷ்டிராவில்தான் வசித்திருக்கிறாள். படிப்புக்காகவோ வேறு எந்தக் காரணத்துக்காகவோ நான் அவளை மாநிலத்துக்கு வெளியே அனுப்பியதில்லை. அப்படித்தான் இருந்தது. கீழே என் கையெழுத்து, பள்ளி ரெஜிஸ்டரில் போடுகிற அதே கையெழுத்து.

பவி உள்ளறையில் அன்றைக்கு உடுத்திப் போகிற குர்த்தாவுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. தாளை அவள் முன்னால் நீட்டினேன். பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

ஏன் இதை மட்டும் எனக்குப் படித்துச் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த எனக்கு முகமில்லை.

“சொன்னா நீ சைன் பண்ணிருக்க மாட்ட” என்றாள்.

அந்த இடத்தை நீ தாண்டியது எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அப்புறம் இரண்டு பேரும் பேச ஒன்றும் இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு கிளார்க் பேசுகிற பேச்சைப் பேசினேன். நாளைக்கு யாராவது பிளஸ் டூ சான்றிதழை எடுத்துப் பார்த்தால் மாட்டுவது நீதானே, இது பொய் இல்லையா, எந்தத் தைரியத்தில் என்னைக் கையெழுத்துப் போட வைத்தாய் என்றேன்.

அவள் குர்த்தாவை மடித்துப் பார்த்தாள், பிரித்தாள். தமிழில் வார்த்தை தேடுவது தெரிந்தது. இந்தியில் சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும். அவள் தமிழிலேயே சொன்னாள்.

“ஸ்டைபண்டுக்காகத்தான் பண்ணினேன்மா. ஆனா வீட்டுக்கு வந்து அந்த லைன திரும்பத் திரும்பப் படிச்சேன். நீ என்னை அங்க அனுப்பவே இல்லைன்னு எழுதியிருக்கு. கீழ நீ சைன் பண்ணியிருக்க. அத படிச்சப்ப எனக்கு நல்லா இருந்துச்சு.”

சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தாள். குர்த்தாவை மாற்றிக்கொண்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ போய்விடும் என்று கிளம்பிவிட்டாள். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறையிலேயே நின்றேன்.

ஏழு வருடத்தில் அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான். தெரிந்தே அந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்டவள் நான். அவளை அனுப்பியவளும் நான்தான். கூட்டிப் போம்மா என்று அழுதது எனக்கு நன்றாகக் கேட்டது. வார்டனுக்குத்தான் அந்த மொழி தெரியாது, எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே பத்து நிமிடம் முடிகிற வரைக்கும் போனைப் பிடித்திருந்தேன்.